பழைய காசு பார்க்க வித்தியாசமா இருக்கா? மதிப்பு இருக்கான்னு கண்டுபிடிக்கிறது இப்படித்தான்

பழைய காசு ஒன்னு கைக்கு வந்து, எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது, இல்ல ஓரம் கடிச்ச மாதிரி இருக்கு, இல்ல எந்த நாட்டுதுன்னே புரியலைன்னு வைங்க, தயவுசெஞ்சு முதல்ல அதை கழுவவோ தேய்க்கவோ செய்யாதீங்க. மெட்டல் பாலிஷ், டூத்பேஸ்ட், சோடா எதுவுமே வேண்டாம். மேல படிஞ்சிருக்கிற கருப்பும் பழுப்பும் பல வருஷமா அந்த உலோகம் தானா உண்டாக்கிக்கிட்டது, அதை உரிச்சா அடியில மெல்லிசு மெல்லிசா கீறல் விழும், சேகரிக்கிறவங்க வெளிச்சத்துல ஒரு தடவை சாய்ச்சுப் பார்த்தாலே பிடிச்சிடுவாங்க, அதுக்கப்புறம் அந்த காசோட பழைய மதிப்பு திரும்பவே வராது. நல்ல காசுங்க இப்படி பாழாப்போறதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும், அதான் இதை முதல்லயே சொல்றேன். பிடிக்கும்போதும் ஓரத்தை மட்டும் பிடிங்க.

அடுத்து இது என்ன காசுன்னு தெரியணும். ரெண்டு பக்கமும் தெளிவா போட்டோ எடுத்து நுமிஸ்டா மாதிரி காசு விவரம் தர்ற சைட்ல நாடு, மதிப்பு, வருஷம் போட்டு தேடினா பெரும்பாலும் சிக்கிடும். வருஷம் ரொம்ப சின்னதாவோ பெருசாவோ இருந்தா குழம்பாதீங்க, வேற ஆண்டுக்கணக்கா இருக்கும். ஹிஜ்ரிங்கிற இஸ்லாமிய வருஷம்னா 0.97 ஆல பெருக்கி 622 கூட்டுங்க, 1330 போட்டிருந்தா சுமார் 1912. தாய்லாந்து காசுல புத்தர் ஆண்டு இருந்தா 543 கழிங்க. நாட்டுப் பேரும் இல்ல, மதிப்பும் இல்லன்னா அது டோக்கனாவோ மெடலாவோ இருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு, ஆனா பழங்காலத்து காசு பலதுலயும் இது ரெண்டும் இருக்காதுங்கிறதால அவசரப்பட்டு ஒதுக்கிடாதீங்க.

பழசுன்னாலே விலை அதிகம்னு நிறைய பேர் நம்புறாங்க, அது சரியில்லை. ரோமப் பேரரசோட கடைசி காலத்து சின்ன வெண்கலக் காசுங்க 1,600 வருஷத்துக்கும் மேல பழசு, ஆனா அவ்வளவு ஏராளமா கிடைக்கிறதால சாதாரணமானது குறைஞ்ச விலைக்கே போகுது. அதே சமயம் 2008ல பிரிட்டன்ல 20 பென்ஸ் காசோட டிசைனை மாத்தி வருஷத்தை பின்பக்கத்துலேர்ந்து முன்பக்கத்துக்கு கொண்டு போனாங்க, அப்போ பழைய முன்பக்க அச்சையும் புது பின்பக்க அச்சையும் தவறுதலா சேர்த்து அடிச்சதுல ரெண்டு பக்கமும் வருஷமே இல்லாத காசு வெளிய வந்துச்சு, அதுக்கு முகமதிப்பை விட பல மடங்கு கொடுக்க ஆள் இருக்காங்க. எத்தனை மிச்சம் இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, எவ்வளவு தேயாம இருக்கு, விலையை பெரும்பாலும் முடிவு பண்றது இந்த மூணும்தான்.

இப்போ அந்த வித்தியாசத்துக்கு வருவோம். அது காசு அடிக்கும்போதே வந்ததா, வெளிய வந்தப்புறம் யாராவது அடிச்சு நசுக்கி வந்ததாங்கிறதுதான் முக்கியமான கேள்வி. முதல் வகைக்குத்தான் மதிப்பு. பத்து மடங்கு பெருசாக்குற லென்ஸும், சாய்வா வர்ற ஒரே ஒரு லைட்டும் போதும். எழுத்து ரெண்டா தெரிஞ்சா, ரெண்டாவது எழுத்து முதல் எழுத்து மாதிரியே உருண்டு எழும்பி நிக்குதா, எழுத்தோட முனையில பிளவு தெரியுதான்னு பாருங்க, அப்படின்னா அச்சு செய்யும்போதே படம் ரெண்டு தடவை பதிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, அமெரிக்காவோட 1955 ஒரு சென்ட் இதுக்கு ரொம்ப பிரபலமான உதாரணம், வருஷம் ரெண்டா இருக்கிறது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனா அந்த ரெண்டாவது எழுத்து தட்டையா படிக்கட்டு மாதிரி இருந்தா, அடிச்ச நொடியில அச்சு லேசா நகர்ந்திருக்கு, அவ்வளவுதான், இது சர்வசாதாரணம், பெருசா விலை கிடைக்காது.

ஓரம் கடிச்ச மாதிரி இருந்தா அந்த இடத்துக்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்க, அங்க விளிம்பு மங்கலா இருந்தா அது நிஜமாவே காசு அடிக்கிற இடத்துல (மின்ட்) நடந்த பிழையா இருக்க நல்ல வாய்ப்பு, ஏன்னா விளிம்பு எழுப்புற மெஷின்ல ஒரு பக்கம் தகடு இல்லாதப்போ எதிர்பக்கமும் சரியா அழுத்தம் வாங்காது, பின்னால யாராவது வெட்டியிருந்தா இந்த மங்கல் இருக்காது. ரெண்டு பக்கமும் தலை இருக்குன்னா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி விளிம்புக்கு உள்பக்கமா மெல்லிய கோடு ஓடுதான்னு பாருங்க, ரெண்டு காசைக் குடைஞ்சு ஒட்டின மேஜிக் காசுதான் பெரும்பாலும்.

நிஜமா போலியான்னு பார்க்க, 0.01 கிராம் வரை காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ரொம்ப உதவும். கேட்டலாக்ல இருக்கிற எடையோட ஒப்பிடுங்க, தேய்மானத்துக்கு கொஞ்சம் குறையலாம், கணிசமா கூடினா சந்தேகம்தான். காந்தமும் வைங்க, வெள்ளி, தங்கம், செம்பு மூணும் ஒட்டாது. 1943ல அமெரிக்கா ஒரு சென்ட்டை இரும்புல அடிச்சது, தவறுதலா செம்புக் கலவையில அடிபட்ட சிலதுதான் பெரிய விலைக்குப் போகுது, அதனால இரும்புக் காசுக்கே செம்பு முலாம் பூசி விக்கிறாங்க, காந்தம் வச்சா அந்த முலாம் காசு ஒட்டிக்கும். ஒட்டலைன்னா உடனே அசல்னு அர்த்தமில்ல, 1948 காசுல 8ஐ சீவி 3 ஆக்கினதும் இருக்கு.

அடர்த்தியையும் வீட்லயே பார்க்கலாம். தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு பூஜ்யமாக்கிட்டு, காசை நூல்ல கட்டி அடியிலயும் பக்கத்துலயும் இடிக்காம முழுசா தண்ணிக்குள்ள தொங்கவிடுங்க, தராசு காட்டுற கிராம்தான் கன சென்டிமீட்டர்ல காசோட கன அளவு, காசோட எடையை அதால வகுத்தா அடர்த்தி. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.96, தங்கம் 19.3, ஈயம் 11.3. வேற உலோகம் கலந்திருந்தா நம்பர் மாறும், 90 சதவீத வெள்ளி, மிச்சம் செம்புன்னா சுமார் 10.3 வரும். போலி தங்கத்துக்குள்ள வைக்கிற டங்ஸ்டன் உலோகமும் கிட்டத்தட்ட அதே அளவு, 19.25ங்கிறதால தங்கத்துக்கு மட்டும் இந்த சோதனையை நம்பி உட்கார முடியாது.

விலை பார்க்கும்போது கேக்குற விலையை விட்டுடுங்க, யார் வேணா எவ்வளவு வேணா போடலாம், ஏலத்துல நிஜமாவே வித்து முடிஞ்ச விலையை, உங்க காசு அளவுக்கு தேஞ்ச காசோட விலையைப் பாருங்க. அது கிரேடிங் (காசோட தரம் பார்க்கிற) கட்டணம், தபால் செலவு எல்லாத்தையும் தாண்டி நல்லா நிக்குதுன்னா பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பலாம், அசலான்னு பார்த்து 1லேர்ந்து 70 வரைக்கும் மார்க் போட்டு, சீல் வச்ச கெட்டி பிளாஸ்டிக் பெட்டியில தருவாங்க. அதுவரைக்கும் பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறையில போட்டு வைங்க, பிவிசி உறைன்னா நாளாக நாளாக பச்சையா பிசுபிசுப்பு வந்து காசை அரிச்சிடும்.