எஸ்க்யூஎல் தெரிஞ்சவங்க பிக் டேட்டால எங்க ஆரம்பிக்கணும்

ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ்னு டேட்டாபேஸ்ல வேலை பாத்தவங்களுக்கு பாதி விஷயம் ஏற்கனவே தெரியும், டேட்டா எங்க கிடக்குதுங்கிறத மட்டும்தான் புதுசா யோசிக்கணும். எச்டிஎஃப்எஸ்ல (டேட்டாவ பல மெஷின்ல பிரிச்சு வைக்கிற ஃபைல் சிஸ்டம்) ஒரு ஃபைல் 128 எம்பி பிளாக்கா உடைஞ்சு, ஒவ்வொண்ணும் 3 காப்பியா வேற வேற மெஷின்ல போய் உக்காரும் (டீஃபால்ட் செட்டிங் அது).

பழைய மாதிரி இண்டெக்ஸ் தேடாதீங்க. தேதி வாரியா ஃபோல்டர் பிரிச்சு பார்கேங்கிற (Parquet) ஃபைல் ஃபார்மட்ல எழுதுங்க, வேர் (WHERE) கண்டிஷன்ல தேதி குடுத்தா மத்த ஃபோல்டரைத் தொடவே தொடாது.

ஜாயின்லதான் எல்லாரும் மாட்டுவாங்க. ரெண்டு பெரிய டேபிள ஜாயின் பண்ணா, ஒரே கீ இருக்கிற ரோவெல்லாம் ஒரே இடத்துக்கு வரணும்னு ஸ்பார்க் (வேலைய பல மெஷினுக்குப் பிரிச்சு ஓட்டுற சாஃப்ட்வேர்) நெட்வொர்க் வழியா டேட்டாவ அள்ளி அனுப்பும், அதான் ஷஃபிள், நேரம் பெரும்பாலும் அங்கதான் போகுது. கஸ்டமர் ஐடி 0ன்னு கோடிக்கணக்குல ரோ இருந்துச்சுன்னா அதெல்லாம் ஒரே டாஸ்க்குக்குப் போயிரும், 200 டாஸ்க்ல 199 முடிஞ்சு கடைசி ஒண்ணு மட்டும் இழுத்துக்கிட்டே கிடக்கும், அந்த ரோவ முதல்லயே ஃபில்டர் பண்ணி தனியா எடுத்துருங்க. ஒரு டேபிள் சின்னதுன்னா பிராட்காஸ்ட் ஹிண்ட் (அந்த டேபிள முழுசா எல்லா மெஷினுக்கும் அனுப்பச் சொல்றது) குடுங்க, ஷஃபிளே வேணாம்.

அப்புறம் பிரைமரி கீன்னு எழுதி வச்சாலும் ஹைவ் (இந்த ஃபைல்கள டேபிளா வச்சு எஸ்க்யூஎல் ஓட்ட விடுற டூல்) அத செக் பண்ணாது, டூப்ளிகேட்ட நீங்களேதான் குரூப் பை போட்டு பாத்துக்கணும்.