தாவோவும் மனநலமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனம் களைத்துப்போனவர்கள் பழஞ்சீனத் தத்துவமான தாவோவைத் தேடி வருவதில் வியப்பில்லை. "தண்ணீரைப் போல இரு" என்று கேட்டாலே பாதிப் பாரம் இறங்கியது போலிருக்கும். ஆனால் அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு முன்பைவிட அதிகமாகத் தவிப்பவர்களும் உண்டு.

பெரிய தவறு, தாவோவின் முக்கியக் கருத்தான 'வூ வெய்' என்றால் சும்மா இருப்பது என்று நினைப்பது. 'செயலின்மை' என்பதுதான் நேர்ப்பொருள், சரி. ஆனால் பழஞ்சீனத் தாவோ ஞானி சுவாங்ட்சுவின் பெயரிலுள்ள நூலில் வரும் சமையல்காரர் திங்கைப் பாருங்கள். மாட்டைக் கூறுபோடுவது அவர் வேலை. சாதாரணச் சமையல்காரர்கள் எலும்பிலேயே போட்டு வெட்டுவதால் மாதத்துக்கு ஒரு கத்தி கேட்கிறது. அவருடைய கத்திக்கோ 19 வயது. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்த பிறகும், சாணைக்கல்லிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலக் கூர்மை. மூட்டுக்கு மூட்டு இருக்கும் இடைவெளியில்தான் அதை விடுகிறார். சிக்கலான முடிச்சு வந்தால் நிதானித்து, கண்ணை அதிலேயே வைத்து, கத்தியை நூலளவு நகர்த்துகிறார். சட்டென்று இறைச்சி மண்கட்டி போலக் கழன்று விழுகிறது.

மேலதிகாரியிடம் பேச வேண்டியதை மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுவிட்டு, "எல்லாம் தன் போக்கில் நடக்கட்டும்" என்பவர் அந்த முடிச்சின் பக்கமே போகவில்லை. தள்ளத் தள்ளப் பதற்றம்தான் வளரும். எப்போது, எந்த வார்த்தையில் தொடங்கினால் முட்டிக்கொள்ளாமல் பேசலாம் என்று பார்த்துப் பேசுவதே வூ வெய்.

அப்புறம், துக்கம். மனைவி இறந்தபோது சுவாங்ட்சு பானையைத் தட்டிப் பாடிய கதையைக் காட்டி அழுகையை அடக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நண்பர் கடிந்துகொண்டபோது, அவள் இறந்ததும் நானும் வருந்தாமலா இருந்தேன் என்றுதான் அவர் பதிலைத் தொடங்குகிறார். அமைதி அதற்குப் பிறகு வந்தது.

போதுமென்ற மனம் என்ற பெயரில் கொடுமையைப் பொறுத்துக்கொள்வதும் தவறு. தாவோவின் அடிப்படை நூலான தாவோ தே ஜிங்கின் 75ஆம் அத்தியாயம், மக்கள் பட்டினி கிடக்க மேலிருப்பவர்கள் தின்னும் வரியே காரணம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

கடைசியாக, தத்துவத்தை நம்பி மாத்திரையைத் தூக்கிப்போடுவது. சீனாவின் சாங்ஷா நகர மனநல மருத்துவர்கள் தாவோ கருத்துகளை 32 எழுத்துகளில் சுருக்கி ஒரு உளசிகிச்சையே உருவாக்கினார்கள். 'செய், ஆனால் போட்டியிடாதே' என்பது அதில் ஒரு வரி. ஓயாத பதற்ற நோய் உள்ள 143 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு ஒரு மாதத்திலேயே பதற்றம் குறைந்தது, ஆனால் ஆறு மாதத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. தாவோ சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆறாம் மாதத்தில் நல்ல முன்னேற்றம். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு இரண்டு கட்டத்திலும் பலன் இருந்தது. மருந்தைக் குறைக்கலாமா என்று தோன்றினால், அந்தப் பேச்சை உங்கள் மருத்துவரிடம் தொடங்குங்கள்.