பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சுகாதாரக் கல்வி: வேலூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய உயர்கல்வி நிறுவனங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி வைத்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). அடுக்கம்பாறையில் 2005-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. காட்பாடியில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். அதனோடு இணைந்த ஊரீஸ், ஆக்ஸிலியம் போன்ற கலைக் கல்லூரிகள். கரிகிரியில் தொழுநோய்க்கான ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை வகை நிறுவனங்கள் உள்ள ஊர்கள் குறைவு.

இவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலாளர்களின் உடல்நலம், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் மூச்சுத் தொல்லை, ஜவ்வாது மலையில் பேறுகாலப் பராமரிப்பு என்று எதை எடுத்தாலும் ஒரே ஒரு துறையால் முடியாது. மருத்துவர், செவிலியர், சமூகப்பணி படித்தவர், உணவியல் படித்தவர், புள்ளிவிவரம் தெரிந்தவர் எல்லாரும் வேண்டும்.

ஆனாலும் பல கூட்டுகள் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. ‘பக்கத்தில்தானே இருக்கிறோம், போனில் பேசிக்கொள்ளலாம்’ என்ற நினைப்புதான் பெரும்பாலும் காரணம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் ஒவ்வொரு வரியையும் எழுதி வாங்கும் அதே துறை, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எதையும் எழுதி வாங்குவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்து கிளைத்தவைதான்.

கையெழுத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது

புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். கோப்பு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழு வரும்போதுதான் மறுபடி வெளியே வருகிறது. நாக் குழுவே செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தம் எது என்றுதான் கேட்கிறது. ஒப்பந்தத்தோடு ஒரே ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: இந்த ஆண்டு என்ன வேலை, எந்தத் தேதிக்குள், இரு பக்கமும் பொறுப்பாளர் யார், அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பிலிருந்து விடுப்பு. இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டால், வாரம் முழுக்கப் பாடம் நடத்தும் ஓர் உதவிப் பேராசிரியர் தலையில் எல்லாம் விழும். அவர் எத்தனை நாள் தாங்குவார்?

கூட்டு உருப்பட வேண்டும் என்றால் ஒருவரிடம் இல்லாத ஒன்று இன்னொருவரிடம் இருக்க வேண்டும், அது அவசரத் தேவையாகவும் இருக்க வேண்டும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா என்று தேடினார்கள். இரத்த மாதிரிகளை நிர்மலா சேகரித்தார். ஆனால் சோதிக்கத் தேவையான எலைசா (இரத்தத்தில் தொற்றின் அடையாளத்தைக் கண்டறியும் சோதனை) வசதி சென்னையில் அப்போது இல்லை, வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி வந்தார் நிர்மலா. அங்கே வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானின் துறை ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. யார் மாதிரி எடுப்பது, யார் சோதிப்பது என்பதில் அங்கே குழப்பமே இல்லை. உங்கள் கூட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லையென்றால், ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

மூன்று நாட்காட்டிகளை மறப்பது

மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கலைக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் கணக்கில் ஓடுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் தேர்வுத் தேதியைத் தானே வைத்துக்கொள்கிறது. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், எல்லா மாணவர்களும் ஒன்றாகக் களத்துக்குப் போகக்கூடிய வாரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கிடைக்கும். அந்தத் தாளை ஜூன் மாதத்திலேயே தயார் செய்யாமல், செப்டம்பரில் ‘எப்போது போகலாம்’ என்று கேட்டால் அந்த வருடம் போனதுதான்.

நான்காவதாக ஊரின் நாட்காட்டி ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் காலை பத்து மணிக்கு வீட்டில் ஆள் இருக்காது. ஆடி மாதம் மாரியம்மன் திருவிழா நடக்கும் ஊரில் கணக்கெடுப்பு வைத்தால் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். வேலூர் மே மாத வெயிலில் வயதானவர்களை முகாமுக்கு வரச் சொல்வதை முழுதாகவே தவிர்த்துவிட வேண்டும்.

‘வெறும் சர்வேதானே’

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி மருந்துச் சோதனைக்கு மட்டும்தான் என்று மருத்துவம் சாராத துறைகளில் பலர் நினைக்கிறார்கள். மனிதர்களிடம் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்டு, அதை ஆய்வாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் அதுவும் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தரவு எடுத்த பிறகு அனுமதி வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய எம்.எஸ்சி. மாணவர், குழு கூடுவதற்கே ஆறு வாரம் ஆகும் என்று தெரிந்ததும் முதலில் சர்வேயை முடித்துவிடுகிறார். பிறகு அதை எந்த நல்ல இதழும் எடுப்பதில்லை. அவர் உழைப்பு வீணாகிறது, அவருக்குப் பதில் சொன்ன மக்களின் நேரமும் வீணாகிறது.

இரு நிறுவனங்கள் சேரும்போது இரண்டு குழுக்களும் தனித்தனியாகத் திருத்தம் சொல்லி, இரண்டு வேறு படிவங்களாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆபத்து குறைந்த ஆய்வுகளுக்கு ஒரே குழுவின் பொதுப் பரிசீலனையை மற்ற நிறுவனம் ஏற்றுக்கொள்ள அதே வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. தொடங்கும்போதே இரு குழுச் செயலாளர்களையும் பார்த்துப் பேசிவிட்டால் பாதித் தலைவலி போகும்.

பள்ளிக்கூடங்களில் இன்னொரு வழுக்கல். தலைமையாசிரியர் சரி என்றதும் பிள்ளைகளிடம் கேள்வித்தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் தனியாக எழுத்து மூலம் ஒப்புதலும் வேண்டும். சம்மதப் படிவம் பேரணாம்பட்டில் உருதுவிலும், ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும் இருக்க வேண்டியிருக்கும். ‘பிடிக்கவில்லையென்றால் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளலாம், உங்கள் வைத்தியத்துக்கு அதனால் எந்தக் குறையும் வராது’ என்று பேச்சு நடையில் எழுதினாலே போதும். அரசாணை நடை வேண்டாம்.

அளந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு, சமூகப்பணி படிக்கும் மாணவி இரத்த அழுத்தம் பார்க்கிறாள். 190/110, மிக அதிகம். படிவத்தில் எழுதுகிறாள், ‘வரேம்மா’ என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போகிறாள். அந்த அம்மாவுக்கு அந்த எண் என்னவென்றே தெரியாது. படிவத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை, மாணவி பாவம் என்ன செய்வாள்?

மருத்துவத் துறையிலிருந்து வரும் கூட்டாளியின் முதல் கடமை அந்த ‘அடுத்து என்ன’வை எழுதிக் கொடுப்பது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கை அளவுக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி மறுபடி பார்க்க வேண்டும். தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மேல் அளவு 180-ஐத் தாண்டி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, கிராம சுகாதார செவிலியரிடமோ, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரிடமோ பெயரைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத கணக்கெடுப்புக்கு மாணவர்களை அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, எல்லாரும் அதே ஊர்களுக்கே போவது. கே.வி. குப்பத்தில் 1977 முதல் சி.எம்.சி.யின் கிராம சுகாதார மையமான ரூசா வேலை செய்கிறது. பாகாயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பணி வெகுகாலமாக நடக்கிறது. அங்கே மக்களுக்குப் பழக்கமிருக்கிறது, பதிவேடு இருக்கிறது, அதனால் புதுக் குழுக்களும் அங்கேயே போகின்றன. போன வாரம் ஒரு கல்லூரி கேட்ட கேள்வியையே இந்த வாரம் இன்னொரு கல்லூரி கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? ஏற்கனவே எடுத்த தரவைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.

தரவும் பெயரும்

பெயர், ஆதார் எண், போன் நம்பர், நோய் எல்லாம் ஒரே எக்செல் தாளில். அந்தத் தாள் வாட்ஸ்அப் குழுவில். இது சர்வசாதாரணமாக நடக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இப்படிச் செய்வது மன்னிக்க முடியாதது. ஆளுக்கு ஒரு குறியீட்டு எண் போட்டு, பெயர்ப் பட்டியலை ஒரே ஓர் இடத்தில் பூட்டி வையுங்கள். திட்டம் முடிந்த பிறகு தரவு யாரிடம் இருக்கும், யாரைக் கேட்டு யார் பயன்படுத்தலாம் என்பதையும் ஒப்பந்தத்தோடு சேர்க்கும் அந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டுரையில் யார் பெயர் என்ற சண்டை நண்பர்களைப் பிரித்திருக்கிறது. சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்க்க இதில் இடமில்லை. வெயிலில் வீடு வீடாகப் போன செவிலியருக்கும் களப்பணியாளருக்கும் எழுதுவதில் பங்கெடுக்க வாய்ப்பே தராமல், ‘அவர்கள் நான்கையும் நிறைவேற்றவில்லை’ என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஒரே ஹாலில் உட்கார வைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பல தொழில்துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதைத்தான் கூட்டுக் கற்றல் என்கிறது. மருத்துவப் பேராசிரியர் மேடையில் பேச, செவிலிய மாணவிகளும் சமூகப்பணி மாணவர்களும் பின்வரிசையில் குறிப்பெடுப்பது அந்தக் கணக்கில் வராது. ஒரு சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கு மூவரை அனுப்புங்கள். ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன சமைக்க முடியும் என்பதை உணவியல் மாணவி சொல்லட்டும். மருத்துவ மாணவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

அனுமதிக் கடிதம்

சின்ன விஷயம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆற்காடு இராணிப்பேட்டையில், ஆம்பூர் திருப்பத்தூரில், குடியாத்தம் வேலூரில். மூன்று ஊரில் களப்பணி என்றால் மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கும் தனித்தனிக் கடிதம். சித்தூர் பக்கக் கிராமம் ஒன்றைச் சேர்த்தால் மாநிலமே வேறு, அங்குள்ள சுகாதார அதிகாரியிடம் புதிதாகத் தொடங்க வேண்டும். கடிதத்தில் இரு நிறுவனப் பொறுப்பாளர்களின் பெயரும் பதவியும் இருக்கட்டும். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் அலுவலகத்திலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்ல மற்றவர் இருப்பார்.