ஒளிரும் நானோ துகள்: புற்றுநோய்ச் செய்தியில் எங்கே தவறுகிறோம்?

குளச்சலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று கீமோ முடிந்திருந்தது. நான்காவதற்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் போனோடு வந்தார். "தம்பி, கட்டிய வெளிச்சத்துலயே எரிக்குத மருந்து வந்தாச்சாமே? கீமோவ நிறுத்திட்டு அதுக்குப் போவமா?" வீடியோவில், நானோ துகள் எனும் மிக நுண்ணிய துகள்களை ஏற்றிய ஓர் எலியின் முதுகில் கட்டி பச்சையாக ஒளிர்ந்தது.

முதல் தவறு அங்கேதான். எலியின் தோலுக்குச் சற்றே அடியில் வளர்த்த கட்டி அது. மனிதனின் கணையம் அப்படியா இருக்கிறது? அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை விரல் நுனிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சிவப்பு மட்டும்தான் இந்தப் பக்கம் வரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை நாடுகிறார்கள். அதுவும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் வெகுவாக மங்கிவிடும். உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எண்டோஸ்கோப்பு வழியாக ஒளியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஒளிர்ந்தால் கட்டி செத்துவிடும் என்று நினைப்பது அடுத்தது. கட்டியின் எல்லையை அறுவை மருத்துவருக்குக் காட்டுவது ஒரு வேலை, கொல்வது வேறொரு வேலை. யெட்டர்பியம், எர்பியம் கலந்த சில துகள்கள் கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் ஒளியை வாங்கி, பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். அந்த ஒளி பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒளியுணர் மருந்தைத் தூண்ட, அது ஆக்சிஜனை வீரியமாக்கி செல்லைத் தாக்குகிறது. மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

யெட்டர்பியமும் எர்பியமும் அரிய மண் தனிமங்கள் என்றதும் நம் குமரி மாவட்டத்தில் பலருக்குப் பயம் வரும். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் எனும் அரிய மண் கனிமத்தை நமக்குத் தெரியுமே. ஆனால் அதன் கதிர்வீச்சு முக்கியமாகத் தோரியத்தால் வருவது. இயற்கையில் கிடைக்கும் யெட்டர்பியமும் எர்பியமும் கதிரியக்கம் அற்றவை. ஒளிர்வதெல்லாம் கதிர்வீச்சும் இல்லை.

அதற்காக நானோ என்றாலே பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். ஒளிரும் நானோ துகள்களில் இன்னொரு வகையான குவாண்டம் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023 வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசு புற்றுநோய் மருந்துக்கு அல்ல. அவற்றில் பலவற்றில் நச்சுள்ள காட்மியம் இருக்கிறது. சுமார் 6 நானோமீட்டருக்குச் சிறிய துகள்கள் சிறுநீரில் வெளியேறலாம். பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும்.

நானோ இல்லாத ஒளிச்சிகிச்சை ஏற்கெனவே சில புற்றுநோய்களுக்கு உண்டு. அதில் மருந்து ஏறியவர்கள் வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. போட்டோஃபிரின் என்ற ஒளியுணர் மருந்து போட்டவர்கள் குறைந்தது 30 நாள் தோலையும் கண்ணையும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். சன்ஸ்கிரீன் புற ஊதாவைத்தான் தடுக்கும். இந்த மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். கடற்கரையில் மீன் காயப்போடுகிறவர்களுக்கு இதை வீட்டார்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

யாராவது இந்தத் துகள் சிகிச்சை தருவதாகச் சொன்னால், அது மனிதர்களிடம் நடக்கும் ஆய்வா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் உண்டா என்று கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். பதில் வரும்வரை நடக்கிற சிகிச்சையில் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள்.

அக்காவின் கையிலும் டார்ச்சை வைத்துக் காட்டினேன். சிவந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலைல எத்தன மணிக்கு ரயிலு?" என்றார்.