டொராண்டோவில் வாடகைக்குப் போகும் சேலத்துக்காரர்களுக்கு: பேட்டையின் முகம் மாறும்போது வீட்டைக் கைவிடாதீர்கள்

சேலத்தில் வாடகைக்கு இருந்து பழகியவர்களுக்கு மூன்று பழக்கம் ஊறியிருக்கும். பதினோரு மாத அக்ரிமென்ட், பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது, "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் கொடுத்துடுங்க" என்று ஓனர் சொன்னால் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டுவது. கனடாவின் டொராண்டோவில் மூன்றுமே செல்லாது. அதிக நஷ்டம் தருவது மூன்றாவது பழக்கம்தான்.

ஏன் என்று புரிய, நகர மையத்திலுள்ள செயின்ட் ஜேம்ஸ் டவுனைப் பாருங்கள். பழைய வீடுகளை இடித்துவிட்டு 1960களில் எழுப்பிய அடுக்குமாடிக் கூட்டம். கல்யாணமாகாத, ஆபீஸ் போகிற இளவட்டங்களுக்கென்று கட்டினார்கள். அவர்கள் புறநகரில் வீடு வாங்கிக்கொண்டு போனபின், புதிதாக நாட்டுக்குள் வருபவர்களின் முதல் முகவரியாக அது மாறியது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் பலர் அங்கேதான் குடியேறினார்கள். கையில் காசு சேர்ந்ததும் புறநகர்ப் பகுதிகளான ஸ்கார்பரோவுக்கும், பிறகு மார்க்கமுக்கும் நகர்ந்தார்கள். ஆகவே "தமிழாளுங்க இருக்கிற இடம், வாடகை குறைச்சல்" என்று ஊரில் யாராவது சொன்னால், அது எந்த வருஷத்துக் கதை என்று கேளுங்கள்.

பக்கத்திலேயே கேபேஜ்டவுன். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் முன்வாசலில் முட்டைக்கோஸ் போட்டதால் வந்த பெயர் என்பார்கள். 1970களில் வசதியுள்ளவர்கள் அந்தச் செங்கல் வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். இன்று சாதாரணச் சம்பளக்காரர் அங்கே வீடு வாங்க நினைக்கவே முடியாது. பழைய கேபேஜ்டவுனின் தெற்குப் பகுதியை இடித்து 1940களின் கடைசியில் ரீஜன்ட் பார்க் என்ற அரசுக் குடியிருப்பு எழுந்தது. 2005 முதல் அதையும் கட்டம் கட்டமாக இடித்து, விற்பனை வீடுகளும் அரசு வாடகை வீடுகளும் கலந்த பகுதியாகக் கட்டி வருகிறார்கள். நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவும்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்ததால்தான் வாடகை ஏறியது என்று ஒரு சாரார் சொல்வார்கள். பணக்காரர்களும் காபிக்கடைகளும் வந்ததால் ஏறியது என்று இன்னொரு சாரார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் உங்கள் வீட்டு வாடகையைத் தீர்மானிக்கும் விதி வேறு. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியிருப்பவருக்கு வாடகையை ஏற்ற வருஷா வருஷம் ஓர் உச்சவரம்பு உண்டு: 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம். 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனால் வீடு காலியாகிவிட்டால் அடுத்து வருபவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். 1998இலிருந்து இதுதான் நடைமுறை. அந்தப் பகுதிக்கு மவுசு கூடக் கூட, பழைய குடித்தனக்காரர் வெளியேறினால் ஓனருக்குக் கிடைக்கும் லாபமும் கூடுகிறது. நெருக்கடி எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு கணக்கு. 1,800 டாலருக்கு நுழைகிறீர்கள். வருஷம் 2.5 சதவீதம் ஏறினாலும் ஐந்து வருஷத்தில் 2,036 டாலர்தான். அதே வீடு வெளியில் 2,500 போகிறது என்று வையுங்கள். ஓனர் 5,000 டாலரை நீட்டி "காலி பண்ணுங்க" என்கிறார். மாதம் 464 டாலர் வித்தியாசம். அந்தப் பணம் பதினோரு மாதத்தில் கரைந்துவிடும். பன்னிரண்டாவது மாதத்திலிருந்து உங்கள் கைக்காசு. அப்போது நீட்டப்படும் தாள்தான் 'என்11' படிவம், இருவரும் சம்மதித்துக் குடித்தனத்தை முடிக்கும் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுச் சாவி வாங்கும் அன்றே காகிதக் கட்டோடு கட்டாக இதையும் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தாளின் தலைப்பையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

'என்12' என்றால் ஓனரோ, அவருடைய துணையோ, பெற்றோரோ, பிள்ளையோ குடிவரப் போகிறார்கள் என்ற நோட்டீஸ். 60 நாள் அவகாசம் கொடுத்தால் ஒரு மாத வாடகை இழப்பீடாகத் தர வேண்டும். வருபவர் குறைந்தது ஒரு வருஷம் குடியிருக்கும் எண்ணத்தோடு வர வேண்டும். 'என்13' இடிப்பதற்கும் பெரிய மராமத்துக்கும், 120 நாள். மராமத்து என்றால் வேலை முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பி வரும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் திரும்பி வருவேன் என்று வீட்டைவிட்டுக் கிளம்புமுன் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வாயால் சொன்னது கணக்கில் வராது. இன்னொன்று: நோட்டீஸ் வந்துவிட்டது என்பதற்காக வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. வீட்டு வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டும். அதை நிறைவேற்ற ஷெரிப் வர வேண்டும். ஓனரே பூட்டை மாற்றினால் அது சட்டவிரோதம்.

பதினோரு மாதப் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு வருஷ லீஸ் முடிந்ததும் அது தானாக மாதாந்திரக் குடித்தனமாகத் தொடரும். புதிதாகக் கையெழுத்து வேண்டாம், வாடகையைப் புதிதாகப் பேச வேண்டாம்.

இந்தப் பாதுகாப்பு இல்லாத வீடுகளும் உண்டு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த வீடுகளுக்கு மேலே சொன்ன சதவீத வரம்பு கிடையாது. பளபளவென்று இருக்கும் புது கான்டோவில் (தனித்தனியாக விற்கும் அடுக்குமாடி வீடு) முதல் வருஷ வாடகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அடுத்த வருஷம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். புதிதாகப் போட்ட பேஸ்மென்ட் வீடுகளும் பெரும்பாலும் இதில்தான் வரும். அடுத்தது, நம்மவர்கள் அதிகம் மாட்டுவது: ஓனரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் அறை. வாடகைச் சட்டமே அங்கே பொருந்தாது. தெரிந்தவர் வீடு, சொந்தக்காரர் வீடு என்று போனாலும் நிலைமை இதேதான். இரண்டு மூன்று மாதம் தங்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

பழைய அடுக்குமாடியைப் பார்க்கப் போனால் உங்கள் தளத்தை மட்டும் பார்க்காமல் வராந்தா முழுக்க நடந்து பாருங்கள். எத்தனை கதவுகளில் புதுக் கைப்பிடி? திறந்திருக்கும் வீட்டுக்குள் பழைய மரக்கட்டைத் தரையா, சாம்பல் நிற வினைல் பலகையா? வினைல் போட்ட வீடு பெரும்பாலும் பழைய ஆள் போனபின் புதுப்பித்தது. பாதிக்கு மேல் அப்படி இருந்தால் அந்தக் கட்டடத்தில் ஆள் மாற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். லாபியிலும் பால்கனியிலும் பெரிய வேலை நடந்தால், அந்தச் செலவைக் காட்டி வரம்புக்குமேல் வருஷம் 3 சதவீதம் வரை, மூன்று வருஷத்துக்கு ஏற்ற ஓனர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பிருந்தே குடியிருக்கும் யாரையாவது பிடித்து அப்படி ஏதாவது தாள் வந்ததா என்று கேளுங்கள்.

கடைகளுக்கு வாடகை உச்சவரம்பே இல்லை. அதனால் மாற்றம் முதலில் தெரிவது கடைத்தெருவில். முருங்கைக்காயும் இட்லி அரிசியும் விற்ற கடை லீஸ் முடிந்ததும் காணாமல் போகும். மேல்மாடியில் குடியிருப்பவர் அதற்குப் பிறகும் பல வருஷம் இருப்பார்.

அட்வான்ஸ் விஷயம் சுருக்கமாக: கடைசி மாத வாடகைக்கு ஈடாக ஒரு மாத வாடகை மட்டும் வாங்கலாம். சேதத்துக்கென்று டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டு என்று வற்புறுத்துவதும் அப்படியே. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடாவிட்டால் நகராட்சியை 311 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். நோட்டீஸ் எதுவானாலும் பதில் எழுதுமுன் உங்கள் பகுதி இலவசச் சட்ட உதவி மையத்தில் காட்டுங்கள். அது எங்கே என்று 211இல் கேட்டால் சொல்வார்கள்.

சேலத்தை விட்டுக் கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை: இப்போதைய வீட்டு ஓனரிடமிருந்து, எத்தனை வருஷம் இருந்தீர்கள், வாடகை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை உத்தரவு. அங்கே கிரெடிட் ஸ்கோர் இல்லாதவருக்கு இவைதான் துணை. வீட்டைப் பார்க்காமல் இங்கிருந்து பணம் அனுப்பாதீர்கள். நம்பகமான ஒருவர் நேரில் போய், சாவியைப் போட்டுத் திறந்து, வீடியோ அழைப்பில் உள்ளே காட்டும்வரை ஒரு டாலரும் வேண்டாம்.