பழைய, புதிய பாய்மரப் படகுகளை ஒப்பிட: நீர்க்கோட்டு நீளத்தைப் பாருங்கள்

நெடும்பயணத்திற்கென ஒரு பழைய பாய்மரப் படகையும் ஒரு புதிய படகையும் ஒப்பிடும்போது, மொத்த நீளத்தை விட்டுவிட்டு, படகு மிதக்கையில் நீரைத் தொடும் நீளத்தை, அதாவது நீர்க்கோட்டு நீளத்தை, மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணே அந்த உடற்பகுதியின் நடைமுறை உச்சவேகம், நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்).

படகின் வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலையின் நீளமும் கூடுகிறது. அந்த அலை நீர்க்கோட்டு நீளத்தை எட்டியதும் படகு இரு முகடுகளுக்கிடையே சிக்கிக்கொள்வதால், அதற்கு மேல் சிறிதளவு வேகத்திற்கும் மிகுந்த விசை தேவைப்படும். 1970களின் கான்டெசா 32 படகின் மொத்த நீளம் 9.75 மீட்டராக இருந்தும், முன்னும் பின்னும் நீருக்கு மேலே நீண்டு நிற்பதால் நீர்க்கோடு 7.32 மீட்டர்தான், ஆகவே அதன் வரம்பு சுமார் 6.6 நாட். முன்முனை செங்குத்தாக அமைந்த இன்றைய படகுகளில், அதைவிடக் குட்டையான ஒன்றுக்கே 8.6 மீட்டர் நீர்க்கோடு அமைந்து, வரம்பு 7.1 நாட் ஆகிவிடுகிறது. ஒரு முழு நாளில் இது ஏறக்குறைய 12 கடல் மைல் வித்தியாசம். பல படகுத்துறைகளில் நிறுத்துமிடக் கட்டணம் மொத்த நீளத்திற்கே வசூலிக்கப்படுவதால், பணத்திலும் இந்தக் கணக்கு உதவும்.

நீர்மேல் வழுக்கிச் செல்லும் இலகுவான படகுகளுக்கும் இரட்டை உடற்பகுதி கொண்ட கேட்டமரான் படகுகளுக்கும் இது பொருந்தாது. பழைய படகு சாயும்போது அதன் நீர்க்கோடு சற்றே நீளும் என்பதையும் கருதவேண்டும். மேலும், கொந்தளிப்பில் படகு தாங்குமா என்பதை இந்த எண் சொல்லாது: இங்கிலாந்திலிருந்து தொடங்கும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தின் 1979 புயலில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓடி முடித்தது ஒரு கான்டெசா 32 மட்டுமே.