நடுநிலைப் பள்ளியில் பாடத்தையும் பொறுப்பையும் இணைப்பது எப்படி?

ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் படிப்பு, விளையாட்டு, கலை, மாணவர் பொறுப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொண்டுசெல்ல விரும்பும் தலைமையாசிரியர், புதிய திட்டம் எதையும் தேட வேண்டியதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையிலிருந்தே தொடங்கலாம். உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கிய பாடவேளைகளில் சென்ற மாதம் எத்தனை நடந்தன, எத்தனை கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறின என்று ஆசிரியர்களுடன் அமர்ந்து எண்ணிப் பாருங்கள். கைமாறியவற்றை மீட்பதே முதல் வேலை. தவிர்க்க முடியாமல் ஒரு வேளையை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் அதே வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும்போது வாய்மொழி உறுதி நிற்பதில்லை.

அடுத்து, பொறுப்புகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கப்பட்ட மகிழ் முற்றம் அமைப்பில் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். போட்டி நாளில் கைதட்டுவதற்கு மட்டும் இக்குழுக்களை வைத்திருப்பது பெரிய வாய்ப்பை வீணாக்குவதாகும். காலை வழிபாட்டுக் கூட்டம், நூலகம், தோட்டம், விளையாட்டுப் பொருள்கள், சத்துணவு எண்ணிக்கை என ஐந்து பொறுப்புகளைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சுழற்றினால், பத்து வாரங்களில் ஒவ்வொரு குழுவும் எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கும்.

இவற்றுள் சத்துணவு எண்ணிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். அரிசி அளவு ஒரு குழந்தைக்குத் தொடக்க வகுப்புகளில் 100 கிராம், 6 முதல் 8 வரை 150 கிராம். ஒரு நாள் தொடக்க வகுப்புகளில் 64 பேரும் மேல் வகுப்புகளில் 48 பேரும் உண்பார்களென்றால், 6.4 கிலோவும் 7.2 கிலோவும் சேர்ந்து 13.6 கிலோ வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் இதைக் கணக்கிடும்போது, தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் யாரோ ஒருவர் தட்டில் சோறு குறையும் என்பது அந்தப் பிள்ளைக்கே விளங்கிவிடுகிறது. வகுப்பாசிரியர் சரிபார்த்த பிறகே எண்ணிக்கை சத்துணவு அமைப்பாளரிடம் செல்ல வேண்டும். பிள்ளை பொறுப்பேற்றதால் பெரியவரின் பொறுப்பு நீங்கிவிடாது. மாத முடிவில் அதே எண்களைக் கொண்டு வரைபடம் வரையச் சொன்னால், எந்தக் கிழமையில் வருகை குறைகிறது, ஏன் குறைகிறது என்ற பேச்சு வகுப்பில் தானாக எழும்.

பொறுப்பைத் தண்டனையாகத் தருவது கூடாது. தாமதமாக வந்த பையனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினால், அன்றோடு அந்தத் தோட்டம் பள்ளியில் மதிப்பிழக்கிறது. பெருக்குவது பெண் பிள்ளைகளுக்கு, மணி அடிப்பது ஆண் பிள்ளைகளுக்கு என்ற வழக்கம் பல பள்ளிகளில் யாரும் சொல்லாமலே நிலைத்திருக்கிறது. சுழற்சிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பெயருடன் எழுதினால்தான் அது உடையும். கழிப்பறையைத் தூய்மை செய்யும் வேலையை எந்த மாணவரிடமும் எக்காரணத்துக்காகவும் ஒப்படைக்கக் கூடாது.

மதிப்பீட்டுக்குத் தனிப் பதிவேடு வேண்டாம். 2012–13இல் வந்த முப்பருவ முறை, 100 மதிப்பெண்ணில் 40ஐ வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் இடையிடையே வகுப்பிலேயே நடக்கும் மதிப்பீட்டுக்கு, ஒதுக்கியது. அதில் செயல்பாடுகளுக்குரிய பகுதிக்கு, நூலகக் குழு எழுதிய நூல் அறிமுகத்தைத் தமிழுக்கும், தோட்டக் குழுவின் செடி வளர்ச்சிக் குறிப்பை அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் அந்தப் படைப்புக்குத்தான். பிள்ளை அடக்கமாக இருந்தாள், சொன்னபடி கேட்டான் என்பதற்கு அன்று.

கடைசியாக, பெற்றோர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் பாதுகாவலரும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அக்குழுவின் கூட்டத்தில் மாணவர் குழுக்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குழாய் ஒழுகுகிறது, பந்து கிழிந்துவிட்டது, நூலகத்தில் மூன்றாம் வகுப்புக்கேற்ற புத்தகம் இல்லை என்று பிள்ளைகளே எழுந்து சொல்லட்டும். சொன்னவற்றைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை அடுத்த வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியரே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.